பட்டறை பதில்கள்: படிக்கிற பிள்ளையும் பழைய எம்.ஜி.பி.யும்

கேள்வி: மாமா, வணக்கம். என் தாத்தா 1969ஆம் ஆண்டு எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் என்ற இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வைத்திருந்தார். அவர் காலமான பிறகு அது எங்கள் வீட்டுக் கொட்டகையிலேயே நிற்கிறது. என்ஜின் சுற்றவில்லை. நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு கணக்கியல் படிக்கிறேன். எனக்கு ஓய்வு கிடைப்பது சனிக்கிழமை மதியமும் ஞாயிற்றுக்கிழமையும்தான். டிசம்பர் விடுமுறையில் வண்டியை முழுவதும் கழற்றிவிட்டு, பிறகு நிதானமாக ஒன்றுசேர்க்கலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். கையில் பணம் அதிகமில்லை. எங்கிருந்து தொடங்குவது?
– மாணவர், சாட்ஸ்வர்த் (டர்பன், தென்னாப்பிரிக்கா)

பதில்: தம்பி, முழுவதும் கழற்றாதே. டிசம்பரில் கழற்றினால் பிப்ரவரியில் வகுப்பு தொடங்கிவிடும், ஜூனில் பரீட்சை வந்துவிடும். அதற்குள் எந்த போல்ட் எந்தத் துளையில் இருந்தது என்பது மறந்துபோகும். பெட்டிகளில் அடைத்த பாகங்களோடு விற்பனைக்கு வந்த ஸ்போர்ட்ஸ் கார்களை டர்பனில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றைப் பிரித்தவர்கள் சோம்பேறிகள் அல்லர். ஒரு விடுமுறையின் உற்சாகத்தில் ஒரு வருட வேலையைத் திறந்து வைத்தவர்கள். ஒரு பகுதியைக் கழற்றினால், அதைச் சரிசெய்து பூட்டிய பிறகே அடுத்த பகுதியில் ஸ்பேனர் வை. வண்டி எந்த வாரத்திலும் நான்கு சக்கரத்தில் உருளக்கூடியதாக இருக்க வேண்டும்.

முதல் சனிக்கிழமைக்கு ஸ்பேனரே வேண்டாம். ஒரு டார்ச்சும் பழைய ஸ்க்ரூடிரைவரும் போதும். தரை விரிப்பைத் தூக்கிவிட்டு, கதவுக்கு அடியில் முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் பெட்டிபோன்ற பகுதியைப் பார். பட்டறைகளில் அதை ‘சில்’ என்போம். எம்.ஜி.பி.க்குத் தனிச் சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. உடலின் தகடுகளே சேஸிஸின் வேலையைச் செய்கின்றன. ரோட்ஸ்டருக்கு மேற்கூரையும் இல்லாததால், வண்டி நடுவில் மடங்காமல் தாங்குவது பெரும்பாலும் இந்தச் சில்தான். வெளித்தகடு, உள்ளே செங்குத்தாக நிற்கும் தகடு, அதற்கு உட்புறம் தரையோடு சேரும் தகடு ஆகிய மூன்றும் சேர்ந்த அமைப்பு அது. முன்மட்கார்டின் பின்பகுதியில் சேரும் சேறு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நம் கடற்கரைக் காற்றில் உப்பும் உண்டு. துரு உள்ளிருந்து வெளியே வருகிறது. வெளியே ஒரு கொப்புளம் தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும்.

ஸ்க்ரூடிரைவரால் கீழிருந்து அழுத்திக் குத்திப் பார். பிறகு கதவைச் சாத்தி, கதவின் பின்விளிம்பில் உள்ள இடைவெளியைக் கவனித்துக்கொண்டே, அந்தப் பக்கத்து ஜாக்கி வைக்கும் இடத்தில் மெதுவாகத் தூக்கு. நல்ல சில் என்றால் இடைவெளி மாறாது. இடைவெளி மாறினால், கதவு திறக்கவே முரண்டு பிடித்தால், உடனே இறக்கிவிடு. உனக்குப் பதில் கிடைத்துவிட்டது. பளபளப்பான பெயின்டை நம்பாதே. இற்றுப்போன சில்லின் மேலேயே புதுத் தகட்டை வைத்து வெல்டிங் செய்து விற்ற வண்டிகள் ஏராளம். வெளியிலிருந்து பார்த்தால் புதிது, உள்ளே ஒன்றும் இராது.

இதை முதலில் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உன் பணம். என்ஜினைத்தான் எல்லோரும் முதலில் நினைக்கிறார்கள். எம்.ஜி.பி.யின் 1798 சி.சி. என்ஜின் முரட்டுத்தனமான வார்ப்பிரும்பு. அதைப் பின்னால் எப்போது வேண்டுமானாலும் சரிசெய்யலாம். சில் போய்விட்ட வண்டியில் என்ஜினுக்குச் செலவிட்ட பணம் திரும்பாது. சில்லை மாற்ற வேண்டுமானால் அந்த ஒரு வேலைக்கு மட்டும் அனுபவமுள்ள பேனல் பீட்டரிடம் (தகட்டு வேலைக்காரரிடம்) பணம் கொடு என்று சொல்வேன். கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புச் சட்டம் பற்றவைத்து, கதவைப் பூட்டி இடைவெளி பார்த்துப் பார்த்து, ஒரு பக்கம் முடிந்த பிறகே மறுபக்கத்தை வெட்ட வேண்டும். சட்டம் வைக்காமல் வெட்டினால் வண்டி மடங்கி நின்றுவிடும். பிறகு கதவு ஒருநாளும் சரியாகச் சாத்தாது. விரிப்பு, இருக்கை, பெட்ரோல் குழாய், ஒயர் எல்லாவற்றையும் நீயே எடுத்துக்கொடுத்து, பழைய தார்ப்பூச்சையும் சுரண்டிக்கொடுத்தால் கூலி கணிசமாகக் குறையும். தகடு கிடைக்குமா என்று கவலைப்படாதே. 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட கார் இது. இங்கிலாந்தில் 1988இல் முழு உடலையே மறுபடி புதிதாக அடிக்கத் தொடங்கினார்கள். வாங்கும் முன் அஞ்சல் செலவையும் சுங்க வரியையும் கணக்கில் சேர்த்துக்கொள். கணக்கியல் படிக்கிறாய், உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இனி நாள்காட்டி. விடுமுறை நீளமாக இருக்கிறது என்பதற்காக டிசம்பரில் தகட்டு வேலையைத் தொடங்க எல்லோரும் ஆசைப்படுகிறார்கள். நம் ஊரில் அது தலைகீழ். டிசம்பரும் ஜனவரியும் டர்பனில் மழையும் புழுக்கமும் நிறைந்த மாதங்கள். காலையில் கிரைண்டரால் தேய்த்து வெள்ளையாக்கிய தகடு மறுநாள் காலை செம்பழுப்பாக இருக்கும். அந்தத் துருவின் மேல் பிரைமர் அடித்தால் அது ஒட்டாது. தகடும் பெயின்டும் ஜூலை விடுமுறைக்கு. அப்போது காற்று வறண்டிருக்கும், பரீட்சையும் முடிந்திருக்கும். டிசம்பரில் கூரைக்குள் மேசைமேல் செய்யக்கூடியவற்றை எடு: கார்புரேட்டர், முந்தைய மாடல்களில் டைனமோ இருந்த இடத்துக்கு வந்த ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், மீட்டர்கள், இருக்கை. வெளியே மழை பெய்துகொண்டே இருக்கட்டும்.

வாரநாள் வேலைக்கும் ஒரு பாகுபாடு உண்டு. பாதியில் விடக்கூடிய வேலை ஒன்று, விடக்கூடாத வேலை மற்றொன்று. துருப்பிடித்த போல்ட்டுக்குத் துரு இளக்கும் எண்ணெய் விடுவது, பாகங்களை மண்ணெண்ணெயில் ஊறவைப்பது, போல்ட்டின் நூலை (திருகு வரிகளை) சுத்தம் செய்வது, ஒயர் முனைகளுக்குச் சீட்டுக் கட்டுவது ஆகியவற்றைப் பாடத்துக்கு நடுவில் கால்மணி நேரத்தில் செய்துவிட்டுப் போகலாம். புதன்கிழமை இரவு எண்ணெய் விட்ட போல்ட் சனிக்கிழமை எளிதாகத் திரும்பும். நீ படித்துக்கொண்டிருக்கும்போதும் அது வேலை செய்கிறது. பிரேக் குழாயைத் திறப்பது, தகட்டை வெறுமையாக்குவது, பெட்ரோல் டாங்கை இறக்குவது ஆகியவை அப்படியல்ல. அன்றைக்கே முடிக்க நேரம் இருந்தால் மட்டுமே தொடங்கு. நான் பகலில் பட்டறையில் வேலை செய்து, மாலையில் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துத்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். கிடைத்த இரண்டு மணி நேரத்தில் கடைசி அரைமணியைக் கருவிகளைத் துடைத்து வைக்கவும், அடுத்த முறை எங்கே தொடங்குவது என்று எழுதி வைக்கவும் ஒதுக்கினால், மறுவாரம் யோசிப்பதில் நேரம் போகாது. கழற்றும் முன் கைபேசியில் படம் எடு. போல்ட்டுகளை அவை வந்த துளையிலேயே இரண்டு சுற்றுத் திருகி வைத்துவிட்டால் பெட்டியும் வேண்டாம், சீட்டும் வேண்டாம்.

சுற்றாத என்ஜினைப் பொறுத்தவரை, பொறுமைதான் முதல் கருவி. நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் எடுத்துவிட்டு ஒவ்வொரு சிலிண்டரிலும் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு வாரம் அப்படியே விடு. பிறகு என்ஜினின் முன்பக்கத்தில் உள்ள கிராங்க் புல்லியின் நட்டில் நீண்ட கைப்பிடி வைத்து முன்னும் பின்னும் மென்மையாக அசைத்துப் பார். அசையவில்லை என்றால் இன்னும் ஒரு வாரம். வேறு வண்டியில் கயிறு கட்டி இழுத்துச் சுற்றவைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. பிஸ்டன் வளையங்கள் உடையும். பல வாரம் ஆகியும் இளகாவிட்டால் சிலிண்டர் ஹெட்டைத் திறந்துதான் பார்க்க வேண்டும். சுற்றத் தொடங்கியதும் உடனே ஸ்டார்ட் செய்துவிடாதே. எண்ணெயும் ஃபில்டரும் மாற்றி, பிளக்குகள் இல்லாமலேயே ஸ்டார்ட்டரால் சுற்றவிட்டு, எண்ணெய் அழுத்தம் காட்டும் மீட்டரில் முள் எழும்புகிறதா என்று பார். எழும்பிய பிறகு பிளக்கைப் போடு.

அதற்கு முன் பேட்டரி. உன் வண்டியில் இருக்கைகளுக்குப் பின்னால், தரைக்குக் கீழே, இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்திருக்கும். அமிலம் வழிந்து அந்தத் தட்டுகள் இற்றுப்போவது வழக்கம். அதையும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார். 1967 கடைசிக்கு முந்தைய எம்.ஜி.பி.க்களில் பேட்டரியின் நேர்முனை உடலில் இணைந்திருக்கும். உன்னுடையதில் எதிர்முனை. தாத்தாவுக்கு முன்போ பின்போ யாராவது மாற்றியிருக்கலாம் என்பதால் புத்தகத்தை மட்டும் நம்பாமல் வண்டியிலும் பார்த்துக்கொள். தவறாக இணைத்தால் ஆல்டர்னேட்டர் ஒரு நொடியில் போய்விடும். ஒயர்களின் நிறங்களை மனப்பாடம் செய்: பழுப்பு ஒயரில் ஃபியூஸ் இல்லாமல் எப்போதும் மின்சாரம் இருக்கும், ஊதாவில் ஃபியூஸோடு எப்போதும் இருக்கும், வெள்ளையில் சாவி திருப்பினால் வரும், பச்சையில் சாவி திருப்பினால் ஃபியூஸ் வழியாக வரும், கறுப்பு உடலோடு சேர்வது. இந்த ஐந்து நிறம் தெரிந்தால் பாதி மின்கோளாறுகளை நீயே கண்டுபிடிப்பாய்.

கேள்வி: மாமா, நான் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஒன்றில் வேலை தொடங்கியிருக்கிறேன். அண்ணனின் ஸ்பேனர் செட்டைப் பயன்படுத்துகிறேன். போல்ட் தலைகள் எல்லாம் உருண்டுபோகின்றன. என் கையில் வலு போதவில்லை என்று அண்ணன் சொல்கிறார். உண்மையா?
– மாணவி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: உன் கையில் ஒரு குறையும் இல்லை, மகளே. அண்ணனின் செட் மில்லிமீட்டர் செட். உன் வண்டியின் போல்ட்டுகள் அங்குல அளவு. அரை அங்குலத் தலை என்பது 12.7 மி.மீ. அதில் 13 மி.மீ. ஸ்பேனர் பொருந்துவதுபோலவே இருக்கும், அந்த 0.3 மி.மீ. இடைவெளிதான் துருப்பிடித்த போல்ட்டின் முனைகளைச் சீவுகிறது. 9/16 அங்குலத்துக்கு 14 நுழையாது, 15 ஆடும். நூல்களும் மில்லிமீட்டர் நூல்கள் அல்ல. நல்ல தரமான அங்குல ஸ்பேனர்களில் 7/16, 1/2, 9/16 ஆகிய மூன்றை மட்டும் முதலில் வாங்கு. பெரும்பாலான வேலை அவற்றிலேயே நடக்கும். சாக்கெட் வாங்கும்போது உள்ளே ஆறு முகம் உள்ளதாகப் பார். பன்னிரண்டு முகம் கொண்டது முனையை மட்டும் பிடிக்கும், ஆறு முகம் உள்ளது பக்கத்தைப் பிடிக்கும். பிரேக் குழாய் நட்டுகளுக்குச் சாதாரண ஸ்பேனர் வேண்டாம். குழாயின் மேல் நுழையும்படி ஒரு பக்கம் மட்டும் திறந்து, நட்டைச் சுற்றிப் பிடிக்கும் ஸ்பேனர் உண்டு. ஏற்கெனவே உருண்டுபோன தலையில் ஓர் அளவு சிறிய சாக்கெட்டைச் சுத்தியலால் தட்டி இறக்கித் திருப்பலாம்.

இன்னொன்று. உன் ஸ்பிட்ஃபயருக்குத் தனிச் சேஸிஸ் உண்டு. அதனால் மேலே தம்பிக்குச் சொன்ன சில் பரிசோதனை உனக்குத் தேவையில்லை என்று நினைத்துவிடாதே. ஸ்பிட்ஃபயரிலும் சில்கள் வண்டியின் பலத்தில் பங்கு வகிக்கின்றன. பானட் முழுவதும் முன்னால் கவிழ்ந்து திறப்பதால் டயரின் மேல் உட்கார்ந்தே என்ஜினில் வேலை செய்யலாம். முதன்முதலாகக் கற்பவருக்கு அதைவிட வசதியான கார் குறைவு. தொடர்ந்து செய்.

கேள்வி: ஐயா, என் மகன் டட்சன் 1200 கூபே ஒன்றை வாங்கி வந்து, சக்கரங்களைக் கழற்றி, செங்கல்மேல் நிறுத்தி வைத்திருக்கிறான். வாசலில் நடக்க வழியில்லை. புரட்டாசி சனிக்கிழமை பூஜைக்கு உறவினர்கள் வருவார்கள். நவம்பரில் அவனுக்குப் பரீட்சை. வேண்டாம் என்று சொன்னால் முகம் வாடிவிடுகிறது. நான் என்ன செய்ய?
– ஒரு தாய், ஃபீனிக்ஸ்

பதில்: அம்மா, நீங்கள் எழுதியதில் என்னைக் கலங்கவைத்தது வாசல் அல்ல, செங்கல். இதைப் படித்ததும் மகனைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். செங்கலும் சிமென்ட் கட்டியும் பாரம் பரவலாக விழும்போது தாங்கும். ஒரே புள்ளியில் விழும்போது எந்த எச்சரிக்கையும் இல்லாமல் நொறுங்கும். ஜாக்கியை மட்டும் நம்பியும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது. வண்டியைத் தாங்க இரும்புத் தாங்கிகள் கடையில் கிடைக்கின்றன. ஒரு ஜோடி வாங்கிக் கொடுங்கள். அவன் இதுவரை வாங்கிய எந்த உதிரிப்பாகத்தையும்விட அது முக்கியம். கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியில் படுக்கவைத்துவிட்டு வேலை செய்யச் சொல்லுங்கள். தாங்கி வழுக்கினாலும் வண்டி சக்கரத்தின் மேல்தான் உட்காரும்.

உங்கள் வீட்டில் காமாட்சி விளக்கு ஏற்றுவீர்கள், கற்பூரம் காட்டுவீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து கதவிடுக்கு வழியாக அறைக்குள் வரும். டாங்கைத் திறக்கும் வேலையும் கார்புரேட்டர் கழுவும் வேலையும் விளக்கு எரியும் நேரத்தில் கூடாது. வடித்த பெட்ரோலைக் குளிர்பானப் பாட்டிலில் வைக்கவே கூடாது. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மற்றபடி, அவனைத் தடுக்க வேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறேன். சக்கரத்தைப் பூட்டிவிட்டால் வண்டி உருளும். புரட்டாசி சனிக்கிழமைகளில் அதை ஓரமாகத் தள்ளி வைக்கலாம். அக்டோபர் நடுவில் பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, காற்றுப் போகக்கூடிய துணியால் மூடி, கடைசிப் பரீட்சை முடியும்வரை திறப்பதில்லை என்று அவனிடம் ஒரு வாக்கு வாங்குங்கள். பிளாஸ்டிக் தாளால் மூட வேண்டாம், உள்ளே வேர்த்துத் துரு ஏறும். கைவேலையில் மனம் வைத்த பிள்ளை வீட்டில்தான் இருப்பான். அவன் எங்கே இருக்கிறான் என்று தேட வேண்டியதில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கும் நல்லதுதானே.

கேள்வி: பழைய காரில் பிரேக் மாஸ்டர் சிலிண்டரைப் புதிதாக மாற்றினேன். மிதித்தால் பிடிக்கிறது, காலை எடுத்தாலும் விடமாட்டேன் என்கிறது. பகலில் வேலை, மாலையில் படிப்பு. மறுபடி மறுபடி பிரிக்க நேரமில்லை.
– வாசகர், இசிப்பிங்கோ

பதில்: சக்கரத்துக்குப் போகும் ரப்பர்க் குழாய்களை மாற்றுங்கள். வெளியே நன்றாக இருக்கும். உள்ளே ஊதிப்போய் வழி குறுகியிருக்கும். காலின் அழுத்தத்தில் எண்ணெய் உள்ளே போகும், திரும்பி வர வழியிருக்காது. பிடித்துக்கொண்டிருக்கும் சக்கரத்தில் காற்று நீக்கும் திருகைத் திறந்து பாருங்கள். உடனே சக்கரம் விடுபட்டால், அடைப்பு அந்தத் திருகுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் இடையில்தான். பெரும்பாலும் அது குழாய். ஒன்றை மட்டும் மாற்றாமல் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடுங்கள்.

டிரம்மைத் திறக்கும்போது உள்ளே உள்ள தூசியை ஊதாதீர்கள், காற்றுக் குழாயாலும் அடிக்காதீர்கள். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். இந்த நாட்டில் அதைத் தோண்டியவர்களும் சுரங்கத்துக்கு அருகில் வாழ்ந்தவர்களும் பலர் நுரையீரல் கெட்டு இறந்தார்கள். 2008இல்தான் சட்டம் அதைத் தடைசெய்தது. ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். முகமூடி அணியுங்கள். அந்த நேரத்தில் குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

கேள்வி: ஈயம் இல்லாத பெட்ரோல் பழைய என்ஜினுக்கு ஆகுமா?
– வாசகர், டோங்காட்

பதில்: ஓட்டலாம். ஈயம் கலந்த பெட்ரோல் இங்கே 2006இல் நின்றுவிட்டது. ஈயத்தின் பாதுகாப்பு இல்லாததால், வார்ப்பிரும்பு ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடம் மெல்லத் தேயும். நெடுஞ்சாலையில் நெடுநேரம் வேகமாக ஓட்டினால் விரைவில் தேயும். வால்வு இடைவெளியை அவ்வப்போது ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்துப் பாருங்கள். அடிக்கடி குறைகிறது என்றால், அடுத்த முறை ஹெட்டைத் திறக்கும்போது கடினப்படுத்திய வளையங்கள் பதிக்கச் சொல்லுங்கள். அதற்காகவே ஹெட்டைத் திறக்க வேண்டாம்.

கேள்வி: காலமானவர் பெயரில் இருக்கும் காரைச் சரிசெய்த பிறகு பெயர் மாற்றிக்கொள்ளலாமா?
– வாசகர், வெருலம்

பதில்: காகித வேலையைப் பிறகு அல்ல, முன்பே தொடங்குங்கள். சாட்ஸ்வர்த் தம்பியும் இதைப் படிக்க வேண்டும். இறந்தவர்களின் சொத்தைக் கவனிக்கும் உயர் நீதிமன்ற மாஸ்டர் அலுவலகம் ஒருவருக்கு அதிகாரக் கடிதம் கொடுத்திருந்தால்தான் அவர் கையெழுத்திட்டு வண்டியை உங்கள் பெயருக்கு மாற்ற முடியும். குடும்பத்தில் மற்ற வாரிசுகளின் சம்மதத்தையும் இப்போதே பெற்றுக்கொள்ளுங்கள். இற்றுப்போன காருக்கு யாரும் பங்கு கேட்பதில்லை, மின்னுகிற காருக்குக் கேட்பார்கள். பதிவுச் சான்றிதழைத் தேடி எடுங்கள். உரிமக் கட்டணம் எவ்வளவு பாக்கி என்று உரிம அலுவலகத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அபராதமும் அதோடு வளர்ந்திருக்கும். சாலைத் தகுதிச் சான்றிதழ் வேண்டியிருக்கும், அதற்கு வண்டி ஓடும் நிலைக்கு வர வேண்டும். ஆனால் காகிதத்தில் சிக்கல் உண்டா என்று தெரிந்துகொள்ள வண்டி ஓட வேண்டியதில்லை. என்ஜினை வேறொன்றாக மாற்றினால் போலீஸ் சான்றும் தேவைப்படும். ஆகவே முடிந்தவரை பழைய பிளாக்கையே சீர்செய்யுங்கள். என்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் உள்ள தகடுகளைப் பெயின்ட் அடிக்கும் முன் தாள் ஒட்டி மறைத்துவிடுங்கள். அவற்றை கிரைண்டரால் தேய்க்கவே கூடாது.